மூன்றாவது குரல்

நூலகம் நாளுக்கு எட்டு மணி நேரம் திறந்திருக்கும். அதில் ஏழேகால் மணி நேரம் யாரும் வரமாட்டார்கள். மீதி முக்கால் மணி நேரத்துக்குத் தையலக்கா வருவாள்.

நீங்கள் உட்கார்ந்திருப்பது அவளுடைய நாற்காலிதான். பரவாயில்லை, உட்காருங்கள். ஒரு கால் மட்டும் கொஞ்சம் ஆடும். அட்டையை மடித்து வைத்திருக்கிறேன்.

நகர்மன்றத்திலிருந்து விசாரணை அதிகாரி வருகிறார் என்றதும் பயந்துதான் போனேன். ஆனால் நீங்கள் மெதுவாகப் பேசுகிறீர்கள், மேடம். அது எனக்கு வசதியாக இருக்கிறது. கேட்டதும் ஒரே ஒரு கேள்விதான். கீழ்த்தளத்து அலமாரியை நகர்த்துவதற்கு முன்னால் மூன்று முறை குரல் கொடுக்க வேண்டும் என்பது விதி, நான் இரண்டு முறைதான் கொடுத்தேன், மூன்றாவது முறை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டீர்கள். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் என்னைத் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். அவசரம் இல்லையே? இனிமேல் இன்றைக்கு வேறு யாரும் வரப்போவதில்லை.

நான் இயற்பியல் படித்தவள். கல்லூரியில் இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டிய சோதனைகளை நான் தனியாகவே செய்து முடிப்பேன். யாரையும் கூப்பிடக் கூச்சம். யாரிடமும் அதிகம் பேசத் தேவையில்லாத வேலை என்றுதான் சந்தோஷமாக இங்கே சேர்ந்தேன். பேசவே தேவையில்லாத வேலை என்று பிறகுதான் தெரிந்தது.

வீடு என்று சொன்னால் ஒரு அறை. அண்ணன் மாதம் ஒருமுறை போன் செய்வான். உடம்பு நல்லா இருக்கா என்று கேட்பான், நல்லா இருக்கு என்பேன், சரி வெச்சிடறேன் என்பான். காலையில் எழுந்ததிலிருந்து அக்கா வரும்வரை என் குரலை நானே கேட்டிருக்க மாட்டேன். அவளிடம் சொல்லும் முதல் வார்த்தை கரகரவென்றுதான் வரும்.

"என்னடி, தொண்டை துரு புடிச்சிடுச்சா?" என்பாள்.

திருப்பத்தில் இருக்கிற தையல் கடை அவளுடையது. மதியம் கடையை அடைத்துவிட்டு, கழுத்தில் தொங்கும் அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல் வந்துவிடுவாள். இருபது வருஷம் ஆடைத் தொழிற்சாலையில் நூறு மிஷின்களுக்கு நடுவில் இருந்ததில் வலது காது போய்விட்டது. அதனால் கத்தித்தான் பேசுவாள். மெதுவாகப் பேசுங்கள் அக்கா, இது நூலகம் என்றால், "ஏன், பொஸ்தகமெல்லாம் தூங்குதா?" என்பாள். பழைய வார இதழ்களை பைண்டு செய்து வைத்திருக்கிறோம். அதில் தொடர்கதை ஒன்றை எடுத்துவைத்து இரண்டு பக்கம் படிப்பாள். மீதி நேரம் பேசுவாள். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் எந்த அளவில் தைக்கச் சொன்னார்கள், ஒரு மாதம் கழித்துத் துணி எங்கே பிடித்தது, இப்படி. எனக்கும் ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள். அளவெடுக்கும்போது தோளில் கை வைத்து நிமிர்த்தினாள். "ஆளு நல்ல உயரம்தான். யாரையும் நிமிந்து பாக்காம பாக்காம தோளு சுருங்கிப்போச்சு." வேறு யாரும் என்னைத் தொட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று அன்றைக்கு யோசித்துப் பார்த்தேன்.

கீழ்த்தளத்தைப் பார்த்துவிட்டீர்கள். பழைய செய்தித்தாள்களும் நகர்மன்றப் பதிவுகளும் அங்கே இருக்கின்றன. இடம் குறைவு என்பதால் தண்டவாளத்தில் நகரும் இரும்பு அலமாரிகள். எல்லாம் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். ஒரே ஒரு சந்துக்குத்தான் இடம். எந்த அலமாரி வேண்டுமோ, அதன் பக்கத்தில் இருக்கும் சக்கரத்தைச் சுற்றினால் அங்கே சந்து திறக்கும், முன்பு திறந்திருந்தது மூடிக்கொள்ளும். சக்கரம் இருக்கும் இடத்திலிருந்து சந்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. அதனால்தான் அந்த விதி. "ஆள் இருக்கா?" என்று மூன்று முறை கேட்க வேண்டும். எனக்கு முன்னால் இங்கே இருந்தவர் ஆள் இல்லாத நாளிலும் மூன்று முறை கேட்பார். நானும் அப்படித்தான். சில நாள் அந்த மூன்று வாக்கியம்தான் நான் பேசியது.

தாள்கட்டுகளோடு ஒரு அலமாரி ஒன்றரை டன் இருக்கும். ஆனால் சக்கரத்தைக் குழந்தைகூடச் சுற்றலாம். பற்சக்கரத்தின் வேலை அது. பலத்தை மிச்சப்படுத்தும், அதற்கு ஈடாக நேரத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு முழுச் சுற்றுக்கு அலமாரி இரண்டு அங்குலம்தான் நகரும். அவசரமாக எதையும் செய்ய முடியாது.

சந்து திறந்திருக்கும்போது அலமாரி நகராமல் பிடிக்க ஒரு கொண்டி உண்டு. அது உடைந்து மூன்று வருஷம் ஆகிறது. பராமரிப்பு மேஸ்திரி ஒவ்வொரு வருஷமும் மேலே எழுதிக் கேட்டார். நூலகத்துக்கு நிதி இல்லை என்றார்கள். இப்போது அவரைத்தான் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அது சரியில்லை, மேடம். அவர் மேல் பிழை எதுவும் இல்லை. இதைச் சொல்லத்தான் முக்கியமாக உங்களை உட்காரச் சொன்னேன்.

நகர்மன்றத்தில் எங்கள் விஷயம் வந்த முதல் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நூலகத்தை மூடிவிட்டு அந்த நிதியைக் குடிநீர்க் குழாய்க்குத் திருப்பலாம் என்று சைக்கிள் கடை வைத்திருக்கும் உறுப்பினர் பேசினார். நன்றாகவே பேசினார்.

"பொஸ்தகம் படிக்கிறவன் வீட்லயே படிச்சுக்குவான். கொழாயில தண்ணி வரலைன்னா, லைப்ரரிக்குப் போயா குளிப்பான்?"

எல்லாரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்துவிட்டு, நூலகர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார். எழுந்து நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும். குரல் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது பொதுமக்கள் பெஞ்சிலிருந்து அக்கா எழுந்தாள்.

"அந்தப் பொண்ணுக்குக் கூட்டத்துல பேச வராதுங்க. அடுத்த கூட்டத்துல நான் பேசுறேன். பேர எழுதிக்கங்க."

"ஒனக்கென்னம்மா இங்க வேல, துணி தைக்கிறவளுக்கு?" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"உங்க சட்டைக்குப் பித்தான் வெச்சவ நான்தான் அண்ணே. அது பிஞ்சு நாலு மாசமாச்சு, அதப் பாருங்க மொதல்ல."

அன்றைக்கு அறைக்குத் திரும்பும்போது எனக்குப் பசித்தது. பல நாளாகப் பசித்ததே இல்லை. எனக்காக ஒருத்தி எழுந்து நின்றிருக்கிறாள். அடுத்த கூட்டம் வரை இருந்த நாட்கள்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் என்று இப்போதும் சொல்வேன்.

கூட்டம் மாலையில். மதியம் அக்கா கொஞ்சம் முன்னதாகவே வந்தாள். பேசப்போவதை முதலில் நான்தான் கேட்க வேண்டும் என்றாள். எழுந்து நின்று, என்னையே தலைவராக நினைத்துக்கொண்டு பேசிக் காட்டினாள்.

இந்த இடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவள் நூலகத்தை மூடச் சொல்லித்தான் பேசப்போகிறாள். கட்டடத்தை மூடிவிட்டு, ஒரு வண்டியில் புத்தகங்களை ஏற்றித் தெருத் தெருவாக அனுப்ப வேண்டுமாம். அவள் சிறுமியாக இருந்தபோது அப்படி ஒரு வண்டி வருமாம். தொழிலாளர் குடியிருப்பு வாசலில் நிற்குமாம். அவள் படிக்கப் பழகியதே அதில்தானாம். பாதிச் செலவில் முடியும், மீதியில் குழாயும் போடலாம். தப்பு சொல்ல முடியாத யோசனை. நானே யாரோ ஒருத்தியாக இருந்திருந்தால் கை தூக்கியிருப்பேன்.

"வண்டியில நீயும் போவடி. நாலு தெரு பாப்ப. நாலு பேரு மூஞ்சியப் பாப்ப. இங்கயே கெடந்தா நீ ஒரு நாள் அலமாரியாவே ஆயிடுவ."

"அப்போ நீங்க மதியம் எங்க வருவீங்க?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "நான் எதுக்கு வரணும்? வண்டிதான் கட வாசலுக்கே வருமே. நெசத்தச் சொன்னா, நான் என்ன படிக்கவா இங்க வந்தேன்? அந்தத் தொடர்கதைய ரெண்டு வருசமா அதே பக்கத்துலதான் வெச்சிருக்கேன். ஒன்னத் தனியா விட மனசு வரல, வந்தேன். இந்த நேரத்துல ரெண்டு சட்ட தெச்சிருக்கலாம்டி."

கேலியாகத்தான் சொன்னாள். என் கன்னத்தைத் தட்டினாள்.

அந்த வண்டியின் படம் பழைய செய்தித்தாளில் வந்திருக்கும், கூட்டத்தில் காட்டினால் நன்றாக இருக்கும், எடுத்துத் தருகிறாயா என்று கேட்டாள். வருஷத்தை வைத்துத் தேடினால் கிடைக்கும் என்றேன். கீழே அழைத்துப் போனேன். சக்கரத்தைச் சுற்றி, சுவரோரம் இருந்த கடைசிச் சந்தைத் திறந்து கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் கீழ்த்தட்டு, குனிந்துதான் பார்க்க வேண்டும் என்றேன். சந்தின் உள்முனையில் தரையிலேயே கால் நீட்டி உட்கார்ந்துகொண்டாள். நான் மேலே வந்துவிட்டேன்.

வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். எதிரே இந்த நாற்காலி. கோபம் எதுவும் இல்லை. நான் கோபத்தில் காரியம் செய்கிறவள் அல்ல, விசாரித்துப் பாருங்கள். இன்று சாயங்காலத்துக்குப் பிறகு என்ன நடக்கும் என்று யோசித்தேன், அவ்வளவுதான். அக்கா பேசினால் எல்லாரும் கேட்பார்கள். நூலகம் போய்விடும். நான் ஒரு வண்டியில் முகம் தெரியாதவர்கள் முன்னால் நின்றுகொண்டு குரல் வராமல் விழிப்பேன். அவள் வரமாட்டாள். இதுவரை வந்ததும் எனக்காக இரக்கப்பட்டுத்தான் என்று ஆகிவிட்டது. அவள் பேசாவிட்டால் இதில் எதுவும் நடக்காது. கணக்கு அவ்வளவு எளிமையாக இருந்தது. பிறகு கீழே போனேன்.

இதற்குப் பிறகு நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. அதில் சில வாக்கியங்கள் நான் சொன்னவை அல்ல. அக்கா பின்வாசல் வழியாகப் போய்விட்டாள் என்று நான் நினைத்ததாக எழுதியிருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. அன்றைக்கு என்னை விசாரித்த போலீஸ்காரர் நல்ல மாதிரி. நான் பேசத் திணறுவதைப் பார்த்து அவரே எழுதிக்கொண்டார். கடைசியில் சக்கரம் கனத்ததா என்று கேட்டார். ஆமாம், இரண்டு கையும் வேண்டியிருந்தது என்றேன். தாள்கட்டு ஏதோ சரிந்து குறுக்கே விழுந்திருக்கும் என்று நினைத்திருப்பீர்கள், இல்லையா என்றார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் எழுதிக்கொண்டார். வலது காது கேட்காது என்பதை அக்காவின் மகள் சொன்னாள். செவிட்டுக் காது சக்கரத்துப் பக்கம் இருந்திருக்கும், கூப்பிட்டது கேட்டிருக்காது என்று எல்லாரும் முடிவு செய்தார்கள். நான் பொய் சொன்னதாக ஒரு வரிகூட அதில் உங்களால் காட்ட முடியாது. கூப்பிட்டாயா என்றார்கள், கூப்பிட்டேன் என்றேன். எத்தனை முறை என்றார்கள், இரண்டு என்றேன். மூன்று என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மகள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அம்மா எப்பவும் உங்களப் பத்திதான் பேசிட்டிருப்பாங்க. அந்தப் பொண்ணு பாவம், யாருமில்லன்னு." எனக்கு அது ஆறுதலாக இருந்தது. வீட்டிலும் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறாள்.

தள்ளிவைத்த கூட்டத்துக்கும் போனேன். எல்லாரும் எழுந்து நின்று மௌனமாக இருந்தார்கள். சைக்கிள் கடைக்காரர் அழுதுவிட்டார். "ஒரு கொண்டி போடக் காசு இல்லேன்னு சொல்லி நம்ம கையாலயே கொன்னுட்டோம்யா" என்றார். சட்டையில் பித்தான் இன்னும் இல்லை. நூலகத்துக்குக் கேட்டதைவிட அதிகமாகவே ஒதுக்கினார்கள். ஒருவர்கூட எதிர்க்கவில்லை. படிப்பறைக்கு அவள் பேர் வைத்தார்கள். அவள் எதற்காகப் பேசப்போகிறாள் என்று யாருக்கும் தெரியாது. நூலகத்துக்காக உயிரைக் கொடுத்தவள் என்று வாசலில் பலகை இருக்கிறது, வரும்போது பார்த்திருப்பீர்கள்.

ஒரு வாரம் நிறையப் பேர் வந்தார்கள். கீழ்த்தளத்துக்கு எந்தப் பக்கம் போகணும் என்று கேட்டார்கள். அப்புறம் நின்றுவிட்டது.

இப்போது புதுக் கொண்டி இருக்கிறது, சிவப்பு விளக்கு இருக்கிறது. குரல் கொடுக்கத் தேவையே இல்லை. நான் கொடுக்கிறேன். அக்காவின் தொடர்கதையை அவள் வைத்த பக்கத்திலேயே திறந்து வைத்திருக்கிறேன். தினமும் மதியம் முக்கால் மணி நேரம் இந்த நாற்காலியைப் பார்த்து உட்காருவேன். இனி அவள் எங்கேயும் போகமாட்டாள். அவள் விரும்பியது அதுதானே. என்னைத் தனியாக விட மனசு வரவில்லை என்று அவளே சொன்னாள்.

உங்கள் கேள்வியை மறக்கவில்லை, மேடம்.

முதல் முறை கூப்பிட்டபோது என் குரல் சரியாக எழும்பவில்லை. அதனால் இரண்டாவது முறை சத்தமாகக் கூப்பிட்டேன். அவ்வளவு சத்தமாக நான் யாரையும் கூப்பிட்டதே இல்லை. மூன்றாவது முறை கூப்பிடத் தேவைப்படவில்லை.

"இங்கதான்டி இருக்கேன்" என்று அக்கா சொல்லிவிட்டாள்.