தீ சுட்டும் சொல்லாத கால்

அவைக்கு அழகு சேர்க்கும் ஆலயத் தலைவர் அண்ணன் வீரமுத்து அவர்களே! அவருக்கு அரணாக அமர்ந்திருக்கும் நிருவாகக் குழுப் பெரியோர்களே! சிம்பாங் அம்பாட்டிலிருந்தும் ஆயர் குரோவிலிருந்தும் வேலைக் களைப்போடு வந்திருக்கும் தோழர்களே! அன்னதானத்துக்கு அரிசி களைந்த ஈரக் கையோடு வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! அடுத்த ஞாயிறு தீ மிதிப்பதற்காகக் காப்புக் கட்டி, மஞ்சள் உடுத்தி, முன்வரிசையை நிறைத்திருக்கும் என் உடன்பிறப்புகளே! உங்கள் அனைவருக்கும் லோரி ஓட்டும் ஹரிதாசின் நெஞ்சார்ந்த வணக்கம்!

நீரிழிவைப் பற்றிப் பத்து நிமிடம் பேசு என்றார்கள். மருத்துவம் பேச நான் மருத்துவன் அல்லேன், பட்டதைப் பேசுகிறேன். அதிலும் ஓராண்டாக உங்களிடம் மறைத்ததைப் பேசுகிறேன்.

சென்ற ஆண்டு இதே பூக்குழியில் இறங்கினேனே, நினைவிருக்கிறதா? எல்லோரும் ஓடிக் கடந்தார்கள். நான் நிதானமாக நடந்து கடந்தேன். "ஹரிதாசு மூஞ்சில ஒரு சுளிப்பு இல்ல பாரு, அதான்யா பக்தி!" என்றீர்கள். மாலை போட்டீர்கள். நானும் நம்பினேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு போனேன்.

இரண்டாம் நாள் காலை, கூடம் துடைத்துக்கொண்டிருந்த என் மனைவி நளினி அலறினாள். "ஏங்க, தரையெல்லாம் ரத்தம்! உங்க கால்லேருந்துதாங்க!" குனிந்து பார்த்தேன். இடது பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது. ஐயா, எனக்கு ஊசி முனையளவு வலிகூட இல்லை!

கிளினிக்கில் தாதி அனுசியா கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் நூலால் என் பாதத்தைச் சோதித்தார். "தொட்டதும் சொல்லுங்க அங்கிள்" என்றார். காத்திருந்தேன், காத்திருந்தேன். "இன்னும் தொடலையாம்மா?" என்று கேட்டேன். "எட்டு எடத்துல தொட்டுட்டேன் அங்கிள்" என்றார்.

பக்தியா என்னைச் சுடாமல் காத்தது? இல்லை, அன்பர்களே, இல்லை! பத்தாண்டு பாராமல் விட்ட சர்க்கரை என் பாதத்து நரம்பைத் தின்றிருந்தது. தீ சுட்டது. சுடுகிறது என்று சொல்ல வேண்டிய கால்தான் ஊமையாகிவிட்டது. விரலை எடுக்க வேண்டி வரலாம், பரவினால் பாதமும் போகலாம் என்றார் டாக்டர். இடது கால் போனால் கிளட்ச் மிதிப்பது யார்? குடும்பத்தைக் காப்பது யார்? வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்று கார் நிறுத்துமிடத்தில் நின்று அழுதேன்.

எப்படி வந்தது இந்த நிலை? வீட்டில் நான் துறவி. லோரியில் நான் பகாசுரன்! நளினி சோற்றைக் குறைத்தாள், இனிப்பைத் தடுத்தாள். நானோ பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய பலகாரத்தை இருக்கைக்கு அடியில் பதுக்கினேன். சுமை இறக்க மில் வாசலில் காத்திருந்தால், பாலும் சீனியும் தளும்ப ஒரு தே தாரிக். கோபம் வந்தால் இன்னொன்று. கோபம் தணிந்தால் அதைக் கொண்டாட மற்றொன்று! என்ன சிரிக்கிறீர்கள்? உங்கள் லோரியையும் சோதனை போடலாமா?

"அங்கிள், இப்ப பசிக்குதா?" என்று ஒரு நாள் அனுசியா கேட்டார்.

"மணி ஒன்னாச்சும்மா" என்றேன்.

"மணிய கேக்கல லா, வயித்த கேக்குறேன்!"

ஐம்பத்தாறு வயதில் அன்றுதான் என்னையே கேட்டுக்கொண்டேன். பசித்தா உண்டேன்? நேரத்துக்கு உண்டேன், கோபத்துக்கு உண்டேன், யாரும் பார்க்கவில்லை என்பதற்காக உண்டேன்! அன்று முதல் தட்டின் முன் உட்கார்ந்து வயிற்றைக் கேட்கப் பழகினேன். மாத்திரையை விடவில்லை, சோதனையை விடவில்லை. ஒளிப்பதை மட்டும் விட்டேன். ஒளித்துத் தின்றால் பத்து அதிரசமும் போதாது. நளினிக்கு எதிரே அமர்ந்து ருசித்துத் தின்றால் பாதியே போதும், தாய்மார்களே! மீதிப் பாதி அவளுக்கு.

ஏழு வாரம் கட்டுப் போட்டு என் விரல் தப்பியது. பிறகு, "நட" என்றார்கள். திடலைச் செக்குமாடு போலச் சுற்றினேன். நான்காம் நாளே காலில் இருந்த சப்பாத்து அலமாரிக்குப் போய்விட்டது. அப்போதுதான் கோலாட்டத்துக்கு ஓர் ஆள் குறைகிறதென்று நளினி என்னை மண்டபத்துக்கு இழுத்துப் போனாள். ஆமாம் ஐயா, இந்தத் தொந்தியோடு கோலாட்டம்! சப்பாத்துப் போட்டுக்கொண்டுதான். வியர்க்கிறது, சிரிக்கிறேன், மறுநாளும் போகத் தோன்றுகிறது. இரத்தத்தில் மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு பன்னிரண்டு விழுக்காட்டிலிருந்து ஏழரைக்கு இறங்கியிருக்கிறது!

ஆனால் கால் இன்னும் பேசவில்லை. இனியும் பேசாமல் போகலாம். ஆகவே நீங்கள் தந்த புகழை இந்த மேடையிலேயே திருப்பித் தருகிறேன். இந்த ஆண்டு குழியில் இறங்க மாட்டேன். ஊர்வலத்தில் கோலாட்டம் ஆடி வருவேன்.

"சாமி குத்தம் லா!" என்று அங்கே ஒரு குரல் கேட்கிறது. ஐயா, அம்மன் கொடுத்த காலைக் கருக்கி அவளிடமே நீட்டுவதா காணிக்கை?

அதோ, கீழே மேசையில் அனுசியா அமர்ந்திருக்கிறார். காப்புக் கட்டியவர்களே, உங்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரை? ஒரு நிமிடம் பாதத்தைக் காட்டுங்கள். உணர்ச்சி இல்லையென்றால் என்னோடு ஆட வாருங்கள். யார் முதலில்? ஏன் அசையவில்லை? வீரம் நெருப்பில் மட்டும்தானா?

தலைவரே, நீங்கள் ஏன் எழுகிறீர்கள்? நேரம் ஆகிவிட்டதா?

அன்பர்களே, அமைதி! காப்புக் கட்டிய கையால் வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு, தலைவர் படியிறங்குகிறார். இறங்குமுன் என் காதோடு சொன்னதை உங்களுக்கும் சொல்லச் சொன்னார்.

"எனக்கும் மூனு வருஷமா சுடல, ஹரி."

அம்மா அனுசியா, நூலை எடுத்துக்கொள். முன்வரிசைச் சகோதரர்களே, எழுந்து அண்ணனுக்குப் பின்னால் நில்லுங்கள். பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி! அண்ணன் வீரமுத்துவுக்கு என் தலை தாழ்ந்த வணக்கம்!