மேற்கு மூலையின் சேறு

எனக்கு டீ வேண்டாம், ஐயா. கோப்பையின் விளிம்பில் அந்தக் காவலரின் கட்டைவிரல் பட்டதைப் பார்த்தேன். அவரைக் குறை சொல்லவில்லை. இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

என் பெயர் மைத்ரேயி. எம்.எஸ்சி. நுண்ணுயிரியல். இரண்டு வருடமாக, கம்மாபுரம் சாலையில் உள்ள பழைய களிமண் பள்ளத்தில் ஆய்வு செய்கிறேன். செராமிக் கம்பெனிகளுக்கு வெள்ளைக் களிமண் வெட்டியெடுத்து, பிறகு மழைநீர் நிரம்பிய பள்ளம். அதன் அடிச்சேற்றில், காற்றே போகாத இடத்தில், ஆர்க்கியா என்ற உயிர்கள் இருக்கின்றன. நீங்கள் கிருமி என்று எழுதுவது தெரிகிறது. கிருமி அல்ல, பாக்டீரியாவும் அல்ல. பரவாயில்லை, எழுதுங்கள்.

அங்கிருப்பவற்றை இதுவரை யாராலும் ஆய்வகத்தில் வளர்க்க முடியவில்லை. சேற்றை அள்ளி, அதில் கிடக்கும் டி.என்.ஏ. முழுவதையும் படித்துத்தான் எது இருக்கிறது என்று அறிகிறோம். மேற்கு மூலையில், எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு குடும்பத்தைக் கண்டுபிடித்தேன். சேறு கலங்கினால் காற்றுப் பட்டு எல்லாம் போய்விடும். அதனால் எல்லோரிடமும் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். கலக்காதீர்கள்.

வளன் எனக்கு உதவியாளன். செராமிக் டிப்ளமோ. மிதவை தள்ளுவான், குழாய் இறக்குவான். நான் அதிகம் பேச மாட்டேன். எனக்கும் சேர்த்து அவனே பேசினான்.

"இந்தச் சேத்துல இருக்குறதுக்கெல்லாம் ஆதார் கார்டு எடுக்கப் போறீங்களா, மேடம்?"

நான் பதில் சொல்லாவிட்டால் அவனே சிரிப்பான். "மேடம் சிரிச்சா சேறு கலங்கிடும்."

ஜூன் மாத மாதிரிக் குழாய்களில் கடலை மாவின் டி.என்.ஏ. வந்தது. பஜ்ஜி தின்ற கையோடு மூடியைத் திறந்திருக்கிறான். கூடவே அவனும் வந்திருந்தான், தோலும் எச்சிலுமாக. ஆறு மாத வேலை வீண். அவனிடம் சொன்னேன். "கழுவுனா போயிடும் மேடம்" என்றான்.

ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவன் அம்மா உபகாரமேரி, மாதா கோயிலில் பூசையில் இருந்த நேரம். லாரி டியூப்களைக் கட்டிச் செய்த மிதவையில் இருவரும் மேற்கு மூலைக்குப் போனோம். சேறு எடுக்கும் இரும்புக் குழாய் இருபது கிலோ. அதன் கயிற்றைக் கையில்தான் பிடிக்க வேண்டும் என்று பலமுறை சொல்லியிருந்தேன். அவன் இடுப்பில் கட்டிக்கொண்டான். செல்ஃபி எடுக்கக் கை வேண்டுமாம். குழாய் சறுக்கியது. அவனும் போனான்.

இரண்டு முறை மேலே வந்தான். "மேடம், கழிய நீட்டுங்க" என்றான் முதலில். அடுத்த முறை, "கழி" என்று மட்டும்.

மிதவை தள்ளும் கழி என் கையில்தான் இருந்தது. நீட்டினால் பிடித்துக்கொண்டு காலை உதைப்பான். கத்தினால், பக்கத்துச் சூளையில் ஞாயிற்றுக்கிழமையும் ஆள் இருக்கும், ஐந்தாறு பேர் ஓடிவந்து குதிப்பார்கள். நல்லவர்கள்தான், யோசிக்காமல் குதிப்பவர்கள். கழியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். நான்கு நிமிடம் ஆனது. நான் பயந்த அளவுக்குச் சேறு கலங்கவில்லை.

பிறகு மிதவையை மெதுவாகத் தள்ளிக் கரைக்கு வந்தேன். சாவியோடு கரையில் நின்ற அவனுடைய மொபெட்டை ஓட்டிப்போய், ரயில்வே ஜங்ஷன் ஸ்டாண்டில் விட்டுவிட்டு ஆட்டோவில் வீட்டுக்குப் போனேன்.

அவன் அம்மா ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆய்வகத்துக்கு வந்தார். "எங்க போறேன்னு ஒங்ககிட்ட ஏதாச்சும் சொன்னானா பாப்பா?"

"வண்டி ஜங்ஷன்ல நிக்குதுன்னு சொல்றாங்கம்மா."

"அப்ப ரயிலேறிட்டான். ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா கொறஞ்சா பூடுவான்?" சற்று நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "ஒங்களக் கிண்டல் பண்ணிக்கினே இருப்பான்னு தெரியும். மனசுல வச்சிக்காதீங்க."

மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அவன் சொன்னதையெல்லாம் தேதி போட்டு நோட்டில் எழுதித்தான் வைத்திருந்தேன்.

கார்த்திகை வரை வேறொரு குழாயோடு தனியாகவே போய்ச் சேறு எடுத்தேன். மேற்கு மூலையில் மனித டி.என்.ஏ. மாதா மாதம் ஏறியது. கடைசியில் நூற்றுக்கு நான்கு. மனிதனை நீக்குவதுதான் பகுப்பாய்வின் முதல் படி. கணினியில் அதற்கு ஒரே ஒரு வரிக் கட்டளை. நீக்கினேன். ஆனால் நீக்குவதற்கு முந்தைய மூலத் தரவையும் பொதுத் தளத்தில் ஏற்றினேன். எங்கள் திட்டத்தின் விதி அது. நான் எதையும் மறைப்பவள் அல்ல.

நீங்கள் இத்தனை மாதமும் அவனைத் திருப்பூரில் தேடினீர்கள். பெங்களூரில் கார்முகில் என்ற ஆராய்ச்சி மாணவி, முகம் தெரியாதவள், அந்தத் தரவைத் திறந்து பார்த்து, ஒரு மூலையில் மட்டும் மனிதன் ஏன் கூடிக்கொண்டே போகிறான் என்று கேட்டு உங்களுக்கு எழுதினாள். அந்தக் கடிதம்தான் உங்கள் மேசையில் இருக்கிறது. ஒழுங்காகப் படித்தவள் அவள் ஒருத்திதான்.

ஆமாம், வளன் அங்கேதான் இருக்கிறான். கழியை நீட்டாமல் சாகவிட்டது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு வேண்டுகோள். தீயணைப்பு ஆட்களை மேற்குக் கரை வழியாக மட்டும் இறங்கச் சொல்லுங்கள். கிழக்குப் பக்கம் இன்னும் கலங்கவில்லை.