அசுரனுக்கு அப்பாவின் குரல்

“அசுரனுக்கு உங்கப்பா கொரலையா வெச்சிருக்க?”

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில், எனக்குப் பின்சீட்டில் ஒரு மாமாவும் அவருடைய அக்கா மகளும் பேசிக்கொண்டு வந்தார்கள். அவள் செய்த கார்ட்டூன் படத்தை அன்று மதியம் சிதம்பரத்தில் போடுகிறார்களாம். பூமியைக் கடலுக்குள் ஒளித்து வைத்த அசுரன் தன் கதையைத் தானே சொல்லும் படம்.

“சுனாமிக்கு அப்பறம், கடலோரம் வேணாம், கிள்ளை ஊர விட்டு வந்துருங்கன்னு எல்லாரும் அப்பாகிட்ட கெஞ்சுனோமே மாமா. ‘என்ன ராட்சசன்னே சொல்லிக்கோங்க, கடல வுட்டு வர மாட்டேன்’னு கத்துனாரு. அத செல்லுல பதிஞ்சு வெச்சிருந்தேன். அப்படியே போட்டுட்டேன்.”

“அவருகிட்ட கேட்டியா?”

“இல்ல.”

“இன்னிக்கு பாக்க வர்றாரே.”

“அதுக்குள்ள சொல்லிடணும் மாமா.”

புவனகிரி தாண்டியதும் அவளே அப்பாவுக்குப் போன் போட்டு, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். பிறகு ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனை வைத்தாள்.

“திட்டுனாரா?” என்றார் மாமா.

“இல்ல. கடைசியில அசுரன் சாவுறானான்னு மட்டும் கேட்டாரு.”

“என்ன சொன்ன?”

“வந்து பாருங்கப்பான்னேன்.”

மாமா குரலைத் தாழ்த்திக் கேட்டார். “சாவுறானா?”

“கதைப்படி சாவணுமே மாமா.”