பச்சைப் புள்ளி

டீ நன்றாக இருக்கிறது சார். கம்பெனி கேன்டீன் டீயைக் குடித்துக் குடித்து நாக்கே செத்துப்போயிருந்தது.

எழுதிக்கொள்ளுங்கள். பெயர் கோதண்டராமன், ஊர் வடக்குப்பட்டு. ஒரகடத்தில் கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறேன். வெல்டிங் முடிந்து வரும் சட்டத்தைத் தடவிப் பார்த்து, சரியாக இருந்தால் பெயின்ட் பேனாவால் ஒரு பச்சைப் புள்ளி வைப்பேன். பதினோரு வருஷத்தில் நான் புள்ளி வைத்த சட்டம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இன்னொரு வேலையும் உண்டு. ஒவ்வொரு லாட்டிலும் ஒரு நல்ல சட்டமாக எடுத்து, உடையும்வரை மெஷினில் இழுக்க வேண்டும். அது உடைந்தால்தான் மற்றவை எவ்வளவு தாங்கும் என்று தெரியும்.

டில்லிபாபு வெல்டர். என் லைன், என் தெரு. ஞாயிற்றுக்கிழமை அவன் பெண்டாட்டி ஜோதி கறிக்குழம்பு வைத்தால் எனக்கும் ஒரு தட்டு இருக்கும். அப்படிப்பட்ட சிநேகம்.

தாய்லாந்து சண்டைப் படங்களை அவனுக்குக் காட்டியவன் நான்தான். நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கயிறு கிடையாது, கிராபிக்ஸ் கிடையாது. முழங்கை மண்டையில் இறங்கினால் தலைமுடியிலிருந்து தூசு பறக்கும். ஒருத்தன் மாடியிலிருந்து குதித்தால் அதையே மூன்று பக்கத்திலிருந்து காட்டுவார்கள், நம்பாதவன் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று. படம் முடிந்தபின் யாருக்கு எங்கே அடிபட்டது என்பதையும் காட்டுவார்கள். அதைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். ஓ.டி. சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்று நின்று எங்கள் இடுப்பு போகிறதே, அதை எவன் பார்த்தான்? அங்கே ஒருத்தனுடைய வலியை ஊர் உலகமே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறது.

டில்லிபாபு பார்த்ததோடு நிற்கவில்லை. ஊர்க்கோடியில் கட்டி முடிக்காமல் விட்ட குடோன் ஒன்று இருக்கிறது. ஞாயிறு மத்தியானம் அதன் மேல்தளத்திலிருந்து குதிப்பான். நான் செல்போனில் எடுப்பேன். சும்மா சொல்லக் கூடாது, அவன் காற்றில் திரும்புகிற அழகை இன்னொருத்தனிடம் பார்த்ததில்லை. கீழே பழைய பேக்கிங் ஃபோம் எட்டு அடுக்கு போட்டு, தார்ப்பாய் விரித்து, வெறும் தரை மாதிரி தெரிய மேலே மண் தூவுவது என் பொறுப்பு. முடித்ததும் மேலே ஏறி அவன் புறங்கையில் ஒரு பச்சைப் புள்ளி வைப்பேன். விளையாட்டாக ஆரம்பித்தது, பழக்கமாகிவிட்டது. புள்ளி இல்லாமல் குதிக்க மாட்டான். புள்ளி வைத்துவிட்டால் கீழே எட்டிக்கூடப் பார்க்க மாட்டான்.

வீடியோக்களை நெட்டில் போட்டோம். "கீழ பெட்டு கீது, எல்லாம் டுபாக்கூர்" என்று எழுதினார்கள். எதைப் போட்டாலும் அதே பேச்சு. எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் சிரித்தான்.

"பெட்டு கீது, அதான் சொல்றான். இன்னா இப்போ? வுடு மாமே."

என்னால் விட முடியவில்லை. போன மாதம் கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னான்.

"ஜோதி முழுகாம கீறாடா. இந்த ஞாயித்துக்கெழமையோட நிறுத்திக்கலாம். ஒண்ணே ஒண்ணு, நல்லா எடு."

நல்லா எடு என்று சொன்னது அவன்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

யோசித்துப் பார்த்தேன். அவன் அப்படியே நிறுத்திவிட்டால் இத்தனை நாள் குதித்ததெல்லாம் டுபாக்கூர் என்றே நின்றுவிடும். ஒன்றாவது நிஜமாக இருந்துவிட்டால் மற்றதையும் நம்புவார்கள். அவன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை சார். சோதனைக்கு நாங்கள் மட்டமான பீஸை எடுப்பதில்லை.

அந்த ஞாயிறு ஃபோமை எல்லாம் சுவருக்குப் பின்னால் கொண்டுபோய் அடுக்கினேன். கான்கிரீட் தரைமேல் வைக்கோலை உப்பலாகப் பரப்பித் தார்ப்பாயால் மூடினேன். வழக்கம்போல மண் தூவினேன். மேலே ஏறினேன்.

"கரெக்டா கீதாடா?"

"கீது."

கையை நீட்டினான். புள்ளி வைத்தேன்.

அன்றைக்கு மாதிரி அவன் என்றைக்கும் குதித்ததில்லை. விழுந்தபின் கத்தவில்லை. என்னைப் பார்த்தான், ஏதோ கேட்க வருகிற மாதிரி. நான் போனை இறக்கவில்லை. நான்கு நிமிஷம் எடுத்தேன். அந்தப் படங்களிலும் கடைசியில் அதைக் காட்டுவார்கள் என்று சொன்னேனே. அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். தண்டலம் தாண்டும்போது உயிர் போய்விட்டது. என் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தான்.

பாடியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஜோதி அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு புள்ளியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தேங்காய் எண்ணெய் போட்டும் தேய்த்தாள். தின்னர் போட்டால்தான் போகும், அவளுக்கு அது தெரியாது.

"நீ பாத்துத்தானே வெச்ச அண்ணா?" என்று கேட்டாள்.

"பாத்துத்தாம்மா வெச்சேன்" என்றேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

ஃபோமை எடுத்தது நான்தான். தெரிந்தேதான் எடுத்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றுதான் கேட்கிறேன், நெட்டில் போட்டிருக்கும் அந்த வீடியோவை மட்டும் அழித்துவிடாதீர்கள். பிறக்கப்போகிற பிள்ளைக்கு அப்பாவை நிஜமாகக் காட்ட அது ஒன்றுதான் இருக்கிறது. நேற்றுவரை ஒருத்தன்கூட அதை டுபாக்கூர் என்று எழுதவில்லை சார்.