தீயண்ணனின் இடது தோள்

இந்த நாற்காலி ஆடுகிறது, மேடம். பின்பக்கத்து இடது கால் மற்றதைவிட ஒரு நூல் குட்டை. அட்டைத் துண்டு ஒன்றை நாலாக மடித்து அடியில் செருகினால் சரியாகிவிடும். எத்தனையோ பேர் இதில் உட்கார்ந்து ஆடியிருப்பார்கள். ஒருத்தருக்கும் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. பரவாயில்லை. நான் நிதானமாகவே சொல்கிறேன். உங்கள் பக்கத்தில் எழுதிக்கொண்டிருப்பவருக்கும் அதுதான் வசதி என்று நினைக்கிறேன்.

தீயண்ணன் உங்களுக்கும் தெரிந்தவன்தான். உங்கள் வயதைப் பார்த்தால், சின்ன வயதில் வீட்டில் ஒன்று இருந்திருக்கும். சிவப்புத் தீயணைப்பு வண்டி. ஏணியை இரண்டாகப் பிரித்தால் கைகள். பின்பாதியைக் கீழே இறக்கினால் கால்கள். முன்கண்ணாடியைத் தூக்கினால் உள்ளேயிருந்து முகம் வரும். மொத்தம் ஒன்பது திருப்பு. ஐந்து வயதுப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு செய்யும். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அதைச் செய்தது நான். மரத்தில் செதுக்கி, மடக்கிப் பார்த்து, உடைத்துப்போட்டு, மறுபடி செதுக்கி, பதினான்கு மாதம். முகத்தில் இரண்டு கண், ஒரு கோடு, அவ்வளவுதான். சிரிக்கிறானா முறைக்கிறானா என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். பெட்டியில் என் பெயர் கிடையாது. அதில் எனக்கு வருத்தமும் கிடையாது.

என் தம்பியை அந்தப் பொம்மை நிறுவனத்தில் சேர்த்துவிட்டதும் நான்தான். அப்பா போனபோது அவனுக்கு எட்டு வயது, எனக்குப் பத்தொன்பது. வளர்த்தேன், படிக்க வைத்தேன், கையோடு கூட்டிப்போய் முதலாளி முன்னால் நிறுத்தினேன். கணினியில் நன்றாக வரைவான். வரைவது வேறு, செய்வது வேறு என்பது அவனுக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவனை வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைவனாக்கி, என்னைச் சோதனை அறைக்கு அனுப்பினார்கள். கட்டடத்தின் பின்பக்கம், லாரிகள் வந்து நிற்கிற இடத்துக்குப் பக்கத்து அறை. "உங்க அனுபவம் அங்கதான் தேவைப்படுது" என்றார் முதலாளி. தம்பி அவர் பக்கத்தில் நின்று தலையாட்டினான். அவனுக்கு அது உண்மையிலேயே பெரிய மரியாதையாகப் பட்டிருக்க வேண்டும். அவன் அப்படித்தான். குத்தலாகப் பேசினால்கூட நன்றி சொல்லிவிட்டுப் போகிற ஆள்.

போன வருஷம் தீயண்ணனைப் புதுப்பிப்பது என்று முடிவானது. ஒரு பெரிய கூட்டம் போட்டார்கள். என்னையும் அழைத்தார்கள், கடைசி வரிசையில் ஒரு நாற்காலி இருந்தது. தம்பி திரையில் படம் காட்டினான். ஒன்பது திருப்பு முப்பத்தொன்றாகியிருந்தது. மார்பில் விளக்கு. நெஞ்சை அழுத்தினால், "நான் திரும்பி வந்துவிட்டேன்" என்று ஒரு கரகரத்த குரல். தீயை அணைக்கிறவனுக்கு வயிற்றில் ஆறு கட்டுத் தசை எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. முகத்தில் ஒரு முறைப்பு, கடனே என்று வேலைக்கு வந்தவன் மாதிரி. விற்பனைப் பிரிவுத் தலைவிக்குக் கண் கலங்கிவிட்டது. முன்வரிசையில் நாற்பதைத் தாண்டிய மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பொம்மையை வாங்கிப் பெட்டியைப் பிரிக்காமல் கண்ணாடி அலமாரியில் வைத்துக் கும்பிடுகிற கூட்டம் ஒன்று உண்டல்லவா, அதன் பிரதிநிதிகள். அவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிள்ளை யாரையும் அந்தக் கூட்டத்துக்கு அழைக்கவில்லை.

முப்பத்தொரு திருப்புக்கும் தோள் நிற்க வேண்டுமே. நான் ஒரு ஊசியும் ஒரு சுருள்வில்லும் வைத்து நிறுத்தியதை அவன் காந்தம் வைத்து நிறுத்தியிருந்தான். தோளுக்கு இரண்டு காந்த மணி. பட்டாணியில் பாதி அளவு, பளபளவென்று வெள்ளி நிறம், பல் வைத்து இழுத்தாலும் பிரியாது. மணியின் முனை மட்டும் துளை வழியே தெரிகிற மாதிரி ஒரு மூடியை அதன் மேல் பசை வைத்து ஒட்டியிருந்தான். பசை.

எங்கள் அறையில் பொம்மையை மார்பு உயரத்திலிருந்து தரையில் பத்து தடவை போட்டுப் பார்ப்போம். மூன்றாவது மாதிரி ஏழாவது தடவை விழுந்தபோது இடது தோளின் மூடி தெறித்தது. மணிகள் உருண்டு போய் மேசையின் இரும்புக் காலில் ஒட்டிக்கொண்டன. அறையில் அப்போது நான் மட்டும்தான் இருந்தேன். குனிந்து எடுத்து ஒரு சின்ன டப்பாவில் போட்டேன். தாளில் "பத்தும் தேறியது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். நான் தேறவில்லை என்று எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும்? தம்பி வந்து, "தேங்க்ஸ்ணா, நல்லவேளை பார்த்தீங்க" என்று சொல்லிவிட்டுப் பசையை மாற்றியிருப்பான். அந்த அசிங்கம் கூடுதல் உறுதியோடு கடைக்குப் போயிருக்கும். நான் அவன் பிழைகளைத் துடைத்துக் கொடுக்கிற துணியாக இருந்திருப்பேன். அதுவே, கடைக்குப் போனபின் கழன்றால் புகார் வரும். புகார் வந்தால் திரும்பப் பெறுவார்கள். என் பழைய தீயண்ணனை வார்க்கிற அச்சு, கிடங்கில் எண்ணெய் பூசி அப்படியே இருக்கிறது. மாதம் ஒருமுறை போய்ப் பூசுகிறவன் நான். அதை எடுத்துத்தான் ஆக வேண்டும். எத்தனை புகார் வரும் என்று கணக்குப் போட்டீர்களா என்று கேட்டால், போட்டேன். நாலைந்து. அதற்கு மேல் போனால் நிறுவனமே படுத்துவிடும், அது யாருக்கும் நல்லதல்ல.

புகார் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அந்த மணி ஒன்றை விழுங்கினால் தானாக வெளியே வந்துவிடும். இரண்டைத் தனித்தனியாக விழுங்கினால், குடலின் இரண்டு மடிப்புக்கு அந்தப்பக்கம் ஒன்றும் இந்தப்பக்கம் ஒன்றுமாக நின்று ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும். நடுவில் மாட்டிய சதை அழுகி ஓட்டை விழும். எங்கள் அறைச் சுவரில் இது படத்தோடு ஒட்டியிருக்கிறது. ஒட்டியது நான்.

தம்பிக்கு ஒரே பெண். நாலு வயது. சுண்டு என்று கூப்பிடுவோம். கடைக்கு அனுப்புவதற்கு மூன்று வாரம் முன்னால், முதல் தொகுதியிலிருந்து ஒரு பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு தம்பி என் அறைக்கு வந்தான். "நீங்க தேறினதுன்னு எழுதினதுதானேண்ணா, சுண்டுவுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போறேன்" என்றான். பெட்டியின் மூலையில் எட்டு வயதுக்கு மேல் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதைப் போடச் சொன்னவனே அவன்தான். தான் போட்டதைத் தானே படிக்காதவனுக்கு நான் என்ன படித்துச் சொல்வது? சரி என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். மாதம் ஒரு ஞாயிறு போவது வழக்கம். சுண்டு சோபாவில் சுருண்டு படுத்திருந்தாள். மற்ற நாள் என்றால் வாசலுக்கே ஓடி வந்து என் சட்டைப் பையில் கையை விடுவாள். முந்தின நாளிலிருந்து வயிறு வலிக்கிறது என்று சொல்வதாகவும், இரண்டு தடவை வாந்தி எடுத்ததாகவும், சாயங்காலம் டாக்டரிடம் கூட்டிப்போகப் போவதாகவும் தம்பி மனைவி சொன்னாள். பொம்மை தரையில் கிடந்தது. எடுத்தேன். இடது தோளில் மூடி இல்லை. குழி இரண்டும் காலி.

நான் சோபாவுக்கு அடியிலும் கம்பளத்திலும் பார்த்தேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். ஜன்னல் கம்பிகளில்கூடத் தடவிப் பார்த்தேன். அக்கறை இல்லாதவன் அப்படித் தேடமாட்டான். மூடி மட்டும் கிடைத்தது. எழுந்தபோது சுண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பெரியப்பா, அண்ணன் கை வரமாட்டேங்குது" என்றாள்.

நான் சரிசெய்து தருகிறேன் என்று சொல்லி அதைப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு சாப்பிட்டேன். தம்பி முழு நேரமும் அடுத்த பொம்மையைப் பற்றிப் பேசினான். பறக்கிற தீயண்ணன். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மேசையிலேயே சொல்லியிருக்கலாம் என்று உங்கள் முகம் சொல்கிறது. சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி, எப்படிக் கழன்றது என்பது. அதற்கடுத்த கேள்வி, சோதனைத் தாளில் கையெழுத்து யாருடையது என்பது. தப்பு வடிவமைத்தவனுடையது. ஆனால் மாட்டிக்கொள்வது கையெழுத்துப் போட்டவன். இந்த அநியாயத்துக்கு நான் உடன்பட வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்களா?

வீட்டுக்கு வந்து, சோதனை அறையிலிருந்து அன்றே கொண்டுவந்து வைத்திருந்த டப்பாவைத் திறந்தேன். அந்த இரண்டு மணிகளையும் தோளில் வைத்து, மூடியை ஒட்டினேன், அவன் பசையால் அல்ல, என் பசையால். இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. முதலிலேயே இப்படிச் செய்திருக்க வேண்டிய வேலை.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகிற வழியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். தம்பி கிளம்பிவிட்டிருந்தான். அவன் மனைவி தூக்கம் கெட்ட முகத்தோடு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். டாக்டர் வயிற்றில் கிருமி என்று மருந்து கொடுத்திருந்தாராம். "ஏதாவது முழுங்கியிருப்பாளான்னு டாக்டர் கேட்டாங்க அத்தான்" என்றாள். "சந்தேகம் இருந்தா படம் எடுத்துடலாம்னாங்க. இதுலேருந்து ஒண்ணும் கழண்டு வந்திருக்காதே?"

பொம்மையை அவள் கையில் கொடுத்து, இரண்டு தோளையும் காட்டினேன். எல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கிறது, நீயே எண்ணிப் பார் என்றேன். அவள் விரலை வைத்து எண்ணினாள். நாலு. "நீங்க பார்த்துட்டீங்கன்னா சரி அத்தான்" என்றாள். அவள் முகத்தில் அப்போது வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதைக் கொடுத்தது நான்.

படம் எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் குழந்தை நினைவு தப்பி விழுந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே இரண்டு மணி, குடலில் மூன்று ஓட்டை, வயிறு முழுக்கச் சீழ். அறுவை செய்த டாக்டரம்மா என்னிடமே சொன்னார், திங்கட்கிழமை காலையில் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று. நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை.

வீட்டில் இருந்த பொம்மையில் நாலு மணியும் இருக்க, குழந்தையின் வயிற்றில் இன்னும் இரண்டு எங்கிருந்து வந்தன என்று நீங்கள் குழம்பினீர்கள். சோதனைக்கு வரும் மாதிரிகளின் மணிகளில் நான் பச்சைப் புள்ளி வைப்பேன், கலந்துவிடக்கூடாது என்பதற்காக. அந்த இரண்டிலும் புள்ளி உள்பக்கம் திரும்பியிருந்தது. அந்த இடது தோளைப் பிரித்துப் பார்க்க உங்களுக்குப் பதினொரு நாள் பிடித்தது. நான் இரண்டு நாள் என்று நினைத்திருந்தேன். புள்ளியைத் துடைத்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். சோதனைப் பொருளில் இருக்கிற அடையாளத்தை அழிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். கழலும் என்று தெரிந்து கையெழுத்துப் போட்டேன். கழன்றது என்று தெரிந்து மறைத்தேன். அவள் வயிற்றில் இருக்கிறது என்று தெரிந்து, இல்லை என்று அவள் அம்மாவிடம் சொன்னேன். மூன்றையும் நான் மறுக்கவில்லை. இப்போது எல்லோரும் என்னைத் தம்பி மேல் பொறாமைப்பட்டவன் என்று பேசுகிறார்களாம். அப்படிச் சொல்கிறவர்களுக்கு எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.

புதன்கிழமை காலை, ஆஸ்பத்திரி வராந்தாவில், டாக்டரம்மா வெளியே வந்து முடிந்துவிட்டது என்று சொன்னதும் தம்பி சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டான். அவன் மனைவியை அவள் அக்கா பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் யாரும் இல்லை. நான் போய் அவனைத் தூக்கி நிறுத்தினேன். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "இனி நான் என்னண்ணா பண்ணணும்?" என்றான். தலைவனான பிறகு அவன் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. எந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும், யாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், வண்டிக்கு யாரிடம் பேச வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொன்னபடியே செய்தான், எட்டு வயதில் செய்த மாதிரி. அதையும் உங்கள் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள் மேடம். அன்றைக்கு அவனுக்கு என்னை விட்டால் வேறு யாரும் இல்லை.