நாற்பத்தேழாயிரம் ஓம்

எல்.இ.டி. விளக்கை நேராக பாட்டரியில் கொடுத்தால் ஒரு மினுக்கு மினுக்கிவிட்டுச் செத்துப்போகும். நடுவில் ஒரு ரெசிஸ்டர் போட வேண்டும். அதன் ஓம் குறைந்தால் விளக்கு கருகும், கூடினால் மங்கும். இது மட்டும் தெரிந்தால் போதும் வைத்தி, மீதி உனக்குப் புரிந்துவிடும்.

உன் அக்காவின் காரியமெல்லாம் முடிந்து ஹவுராவில் உன்னை ரயிலேற்றியபோது ஜன்னல் வழியாகக் கேட்டாய். "அத்திம்பேர், அக்கா அன்னிக்கு லைட்டைப் போட்டுக் கூப்பிடலையா?" நான் பார்க்கவில்லை என்றேன். வண்டி நகர்ந்துவிட்டது. ரயில் ஜன்னலில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

பக்கவாதம் வந்தபின் நாகுவின் குரல் கட்டிலைத் தாண்டாது என்பது உனக்குத் தெரியும். வலது கை மட்டும் கொஞ்சம் வந்தது. நான் ஆபீஸிலிருந்து பாலிகஞ்ச் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும், பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா மாசி கிளம்பிவிடுவாள். பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். கூப்பிட ஏதாவது வேண்டும். கரண்டில் ஓடும் மணி லோட்ஷெட்டிங்கில் ஊமையாகிவிடும். பாட்டரி மணி வைக்கலாம் என்றால் அவளே வேண்டாமென்றாள், ஆஸ்பத்திரி மாதிரி இருக்குமாம்.

சாந்தினி மார்க்கெட்டில் இரண்டு சிவப்பு எல்.இ.டி. வாங்கினேன். ஒன்று கூடத்தில் நான் எழுத உட்காரும் மேஜைக்கு எதிரே. மற்றது அவள் கட்டிலோரம், கூப்பிட்டது போய்ச் சேர்ந்தது என்று அவளுக்குத் தெரிவதற்காக. இரண்டும் ஒரே கம்பியில், ஒன்றன்பின் ஒன்றாக. ஒன்று எப்படி எரிகிறதோ அப்படித்தான் மற்றதும் எரியும். ஒன்பது வோல்ட்டில் விளக்குகளுக்கு நான்கு போக மீதி ஐந்து. கணக்குப்படி இருநூற்றைம்பது ஓம், கடையில் கிடைப்பது இருநூற்றெழுபது. மன்னார்குடிப் பள்ளியில் படித்தது பிசகவில்லை. பளிச்சென்று எரிந்தது.

நாகு தன் வலது கையில் வைத்த சுவிட்சைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "செவப்புக்கல் மூக்குத்தி கேட்டு எத்தனை வருஷமாச்சு. இப்பத்தான் வாங்கிண்டு வந்திருக்கேள், அதையும் கட்டிலுக்குப் போட்டுட்டேள்" என்றாள். அவள் சிரித்தால் வாயின் ஒரு பக்கம்தான் போகும். இருந்தாலும் சிரித்தாள்.

தண்ணீருக்குக் கூப்பிடுவாள், புரட்டிப் படுக்க வைக்கக் கூப்பிடுவாள். அதெல்லாம் நியாயம். ஆனால் பாதி நேரம் ஒன்றுக்குமில்லை. போய் நின்றால், "ஒண்ணுமில்லேன்னா, சும்மாத்தான். செத்த உக்காருங்கோ" என்பாள். உட்கார்ந்துவிட்டு வந்து பேனாவை எடுப்பேன். மறுபடி எரியும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். விளக்கைப் பார்த்துவிட்டுப் போகாமல் இருக்க என்னால் முடியாது. என் சுபாவம் அப்படி. அதனால் ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மாற்றிப் போட்டேன். பாட்டரி கூட நாள் உழைக்கும் என்று அவளிடம் சொன்னேன். அது உண்மையும்கூட. கொஞ்சம் மங்கியது. எழுதும்போது கண்ணில் குத்தவில்லை. பிறகு பத்தாயிரம். கடைசியில் நாற்பத்தேழாயிரம், மஞ்சள், ஊதா, ஆரஞ்சுக் கோடு போட்டது. அதோடு டியூப்லைட் வெளிச்சத்தில் எரிவது தெரியாது. கையைக் குவித்து மூடிப் பார்த்தால் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும்.

அவள் பக்கத்து விளக்கும் அதேபோல மங்கியது. ஒரு சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்னா, எனக்குக் கண்ணு போயிண்டிருக்கு போலிருக்கு. மூக்குத்தி தெரியவே மாட்டேங்கறது."

"வயசாறதோல்லியோ" என்றேன்.

டாக்டரை வீட்டுக்கே அழைத்துவந்து பரிசோதிக்கச் செய்தேன். புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். அவளுக்கு நான் எதிலும் குறை வைத்ததில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவிட்சை அழுத்துவாள், விளக்கைப் பார்ப்பாள், தலையணையில் சாய்ந்துகொள்வாள். கண்ணாடியைப் பற்றி என்னிடம் குறை சொல்லவில்லை. கூப்பிடுவதைத்தான் குறைத்துக்கொண்டாள் என்று நினைத்தேன். குறைத்துக்கொண்டாளா என்பது எனக்குத் தெரிய வழியில்லை.

அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் லோட்ஷெட்டிங் வந்தது. நான் மெழுகுவத்தி ஏற்றவில்லை, கரண்ட் வந்துவிடும் என்று உட்கார்ந்திருந்தேன். கூடம் இருட்டானதும் எதிரே அந்தப் புள்ளி தெரிந்தது. விட்டுவிட்டு எரிந்தது. அணையும், மறுபடி வரும். அப்புறம் அணையவே இல்லை.

நாற்பத்தேழாயிரம் போட்ட பிறகு நான் அதை எரியக் கண்டது அன்றைக்குத்தான். எழுந்து போயிருக்கலாம். கரண்ட் வந்தால் புள்ளி தெரியாமல் போய்விடும் என்று தோன்றியது. கரண்ட் வருகிற வரைக்கும் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தது. புள்ளி தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒரு கடிதத்தை எழுதி முடித்தேன்.

உள்ளே போனபோது அவள் கட்டைவிரல் சுவிட்சின் மேல் இருந்தது. கண்ணாடி போட்டிருந்தாள்.

ஜம்ஷெட்பூரிலிருந்து வந்து இறங்கியதும் சுவிட்சை அழுத்திப் பார்த்தாயே, பளிச்சென்று எரிந்தது. நீ வருவதற்குள் பழைய இருநூற்றெழுபதைத் திருப்பிப் போட்டிருந்தேன்.

மற்றதெல்லாம் நடந்தது நடந்ததுதான். உன் கண்ணுக்கு ஒன்றுமில்லை நாகு என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒன்றில்தான் நான் தவறிவிட்டேன், வைத்தி.