நெருப்புக் குதிரை போன வழி

அப்பா: இன்னொரு தடவை சொல்லு. மெதுவா சொல்லு. நான் பூட்ஸைக்கூட இன்னும் கழட்டல.

மகள்: நெருப்புக் குதிரையைக் குடுத்தேன்…

அப்பா: தங்க ஓரம் போட்ட நெருப்புக் குதிரைக் கார்டு.

மகள்: ஆமா. அதைச் சலூன்காரர் பையன்கிட்ட குடுத்துட்டு கழுகு வாங்கினேன்.

அப்பா: குதிரைக்குச் சக்தி எவ்வளவு?

மகள்: தொள்ளாயிரம்.

அப்பா: கழுகுக்கு?

மகள்: முந்நூறு.

அம்மா: என்னங்க, வந்ததும் வராததுமா கணக்குப் பரீட்சையா? மொதல்ல முகத்தைக் கழுவுங்க. தலையெல்லாம் சிமெண்டு. துவைச்ச துணி மேல உதிருது.

அப்பா: நீ உன் இஸ்திரியைப் பாரு… சரி, அந்தக் கழுகாவது கையில இருக்கா?

மகள்: இல்ல.

அப்பா: அதுவும் இல்லையா?

மகள்: அதைக் குடுத்துத் தவளை வாங்கினேன். எலெக்ட்ரீஷியன் வீட்டு ரெட்டைப் பசங்ககிட்ட.

அப்பா: தவளை.

மகள்: ரெண்டுப்பா.

அப்பா: ரெண்டு தவளை சேந்தா ஒரு குதிரை ஆயிடுமா? சரி… சரி, தவளைங்க எங்க?

மகள்: கிரேன் மாமா பொண்ணுகிட்ட.

அப்பா: எந்தக் கிரேன் மாமா?

மகள்: உன்கூட குடோன்ல வேலை பாக்குறாரே, அவரு.

அப்பா: அவரா…

அம்மா: என்ன, குரல் கம்மிப் போச்சு?

அப்பா: ஒண்ணுமில்ல. தொண்டையில தூசி. அவகிட்ட என்ன வாங்கின? காட்டு. கையைத் திற.

மகள்: கத்தக் கூடாது.

அப்பா: கத்தல.

மகள்: இப்பவே கத்துற.

அம்மா: அது கத்தறது இல்லடி, உங்கப்பா மூச்சு விடுற சத்தம்.

அப்பா: காட்டும்மா… நத்தை.

அம்மா: பரவாயில்லையே. எழுத்துக் கூட்டாம ஒரே மூச்சுல படிச்சிட்டீங்க.

அப்பா: படம்தான் போட்டிருக்குல்ல.

அம்மா: படம் அவ விரலுக்கு அடியில இருக்கு.

அப்பா: இப்ப அதுவா முக்கியம்? தொள்ளாயிரம் போய் நாப்பதுல வந்து நிக்குது. மூலை மடங்கியிருக்கு. போதாததுக்கு டீக்கறை வேற. எவனோ கார்டு மேல டீயைக் கொட்டியிருக்கான்.

மகள்: எவனோதான்.

அப்பா: கார்டு மாத்தறதுக்கு இந்த வீட்ல நான் என்ன சட்டம் போட்டிருக்கேன்? சொல்லு.

மகள்: உன் கார்டை மட்டும்தான் மாத்தணும். அடுத்தவங்க கார்டுன்னா அவங்ககிட்ட கேக்கணும். மாத்தி முடிச்சதும் ரெண்டு பேர் மூஞ்சியிலயும் சிரிப்பு இருக்கணும்.

அப்பா: என் மூஞ்சியைப் பாரு. சிரிப்பு இருக்கா?

மகள்: நீ மாத்தலயேப்பா.

அம்மா: அது சரி.

அப்பா: நீ வேற எண்ணெய் ஊத்தாத. இங்க பாரு கண்ணு, எல்லாரும் சேந்து உன் தலையில மொளகா அரைச்சிருக்காங்க. அதுகூடத் தெரியாம சிரிச்சுக்கிட்டு வந்து நிக்கிற.

மகள்: யாரும் ஏமாத்தல. நானாத்தான் போய்க் கேட்டேன். நத்தை கிரேன் மாமா பொண்ணுகிட்ட இருந்துச்சு. குதிரையைத் தரேன்னேன். வேணாம், என்கிட்டயே ஒண்ணு இருக்குன்னுட்டா. அவளுக்குத் தவளை ஜோடிதான் வேணுமாம். ஜோடியா இருந்தாத்தான் ஆட்டத்துல தாவும். தவளை ரெட்டைப் பசங்ககிட்ட இருக்கு, ஆனா அவனுங்க கழுகு கேட்டானுங்க. கழுகு சலூன்ல இருந்துச்சு.

அம்மா: அப்ப நத்தைக்காகத்தான் இத்தனை வீடு ஏறி இறங்கினியா?

மகள்: ம்.

அப்பா: எந்தப் பிள்ளையாவது நத்தைக்காகக் குதிரையைக் குடுக்குமா? அந்தக் குதிரைக்கு நான் எவ்வளவு அலைஞ்சேன்னு தெரியுமா உனக்கு? மூட்டை ஏத்தி, இடுப்பு ஒடிஞ்சு, அதுக்கப்புறம் பஸ் ஏறி, கடை கடையா நின்னு…

அம்மா: அன்னிக்கு எல்லாக் கடையும் அடைப்புன்னு சொல்லி, பால்கூட வாங்காம வந்தீங்களே.

அப்பா: கார்டுக் கடை மட்டும் திறந்திருந்துச்சு.

அம்மா: ஓ.

அப்பா: என்ன ஓ?

அம்மா: சும்மாதான். இந்தச் சட்டைக் காலரு மடிப்புல நிக்க மாட்டேங்குது.

அப்பா: செருப்பை மாட்டு பாப்பா. இப்பவே போய் எல்லாத்தையும் திருப்பிடலாம்.

மகள்: மாத்தினதைத் திரும்பக் கேக்கக் கூடாதுப்பா. அப்புறம் என்னை யாரும் ஆட்டத்துல சேத்துக்க மாட்டாங்க.

அப்பா: சேத்துக்கலன்னா போகட்டும். நான் பேசிக்கறேன். நேரா சலூனுக்குப் போவோம்.

மகள்: சலூன்ல போய் என்ன குடுப்ப? கழுகு நம்மகிட்ட இல்லயே. திருப்பணும்னா மொதல்ல கிரேன் மாமா வீட்டுக்குத்தான் போகணும்.

அப்பா: அங்க வேணாம்.

அம்மா: ஏங்க வேணாம்? நல்ல மனுஷராச்சே.

அப்பா: அவரு… டூட்டி முடிஞ்சு அசதியா இருப்பாரு.

அம்மா: உங்களுக்கு மட்டும் அசதி இல்லையாக்கும்.

அப்பா: ரெண்டு பேரும் சேந்து என் உயிரை வாங்குறீங்க. சரி, அங்கயே போறேன். நீ உள்ள வர வேணாம், வாசல்ல நில்லு. மொதல்ல அவரு வீடு, அப்புறம் ரெட்டைப் பசங்க, கடைசியா சலூன். குதிரை இல்லாம நான் வீட்டுக்கு வரப் போறதில்ல.

மகள்: கடைசி சலூன் இல்லப்பா. அதுக்கும் முன்னாடி ஒரு மாத்தல் இருக்கு. எல்லாத்தையும் திருப்பணும்னா அதையும் திருப்பணும்.

அப்பா: இன்னொண்ணா? எத்தனை தடவைதான் மாத்துவ நீ?

மகள்: அது நான் மாத்தினது இல்ல.

அப்பா: பின்ன யாரு?

மகள்: சொல்லட்டுமாப்பா?

அம்மா: சொல்லு கண்ணு. இஸ்திரிப் பெட்டியைக்கூட நிமித்தி வச்சிட்டேன்.

அப்பா: பாப்பா… நான் குளிச்சிட்டு வந்துடறேன். அப்புறமா பேசலாம்.

அம்மா: இப்பதான் உங்க அழுக்கு உங்களுக்குத் தெரிஞ்சுதா? உக்காருங்க.

மகள்: குதிரை வந்த அன்னிக்குத்தான்ப்பா என் பெட்டியில நத்தையைக் காணோம். நீ அதைக் கிரேன் மாமாகிட்ட குடுத்துத்தான் குதிரையை வாங்கினன்னு அவர் பொண்ணு சொன்னா. எனக்காகத்தான் பண்ணினன்னு தெரியும், அதான் உன்கிட்ட கேக்கல. ஆனா அந்த டீ நீ கொட்டினதுப்பா. நீயா எழுத்துக் கூட்டிப் படிச்ச மொத வார்த்தை இந்த நத்தைதான். படிச்சு முடிச்சு, சரியான்னு கேட்டு, நான் சரின்னதும் எந்திரிச்ச பாரு, அதுல டம்ளர் சாஞ்சிருச்சு… உன் பூட்ஸு இன்னும் கால்லதான இருக்கு? எல்லாத்தையும் திருப்பினாலும் கடைசியில நத்தைதான் கைக்கு வரும். வா, திருப்பப் போலாமா?